ஒன்பது வெள்ளையும் ஒரு சிவப்பும்

நெட்டூரணிக்கு வழி கேட்டால், அந்த ஊர்க்காரர்கள் உங்கள் கையைப் பிடித்து ஊருக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் "எங்க போகணும்?" என்று கேட்பார்கள். அவ்வளவு நல்லவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு காலத்தில் அந்த ஊருக்கு பஸ் வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டினால்தான் வண்டி நிற்கும் என்று டிரைவர் ஒருநாள் கத்திவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து ஊரார் முறை போட்டுக்கொண்டு சாலையில் நின்று கையைக் காட்டினார்கள். வண்டி தவறாமல் நின்றது. யாரும் ஏறவில்லை. "ஏறலையா?" என்று கேட்டால், "ஏறச் சொல்லலையே" என்றார்கள். பஸ் வேறு தடத்துக்குப் போய்விட்டது. ஊரார் நடக்க ஆரம்பித்தார்கள். சொன்னதைச் செய்தோம் என்ற நிம்மதி அவர்களுக்கு இருந்தது.

அந்த ஊரில் கொஞ்சம் விவரமானவன் என்று பெயரெடுத்தவன் சங்கிலி. மழை வரும், குடை எடுத்துப்போ என்றபோது, அதை விரிக்கவும் வேண்டுமா என்று கேட்டவன் அவன் ஒருவன்தான். வயது கல்யாண வயது. சொந்தமாக இரண்டு மாடு, ஒரு கொல்லை, எதையும் நம்பிவிடுகிற முகம்.

பக்கத்து ஊரான ஆலம்பொட்டல் சந்தையில் மயிலாயி கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். சில்லறை இல்லை என்று சங்கிலி விழித்தபோது, "காயை எடுத்துட்டுப் போ, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். அவன் காயை வீட்டில் வைத்துவிட்டு நேரே திரும்பி வந்து அவள் முன்னால் நின்று, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா பாக்குறே?"

"அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னீங்கள்ல. அதான், வந்தேன்."

மயிலாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளைச் சிரிக்கவைக்க அதுவரை எத்தனையோ பேர் முயன்று தோற்றிருந்தார்கள். இவன் முயற்சி எதுவும் செய்யாமலே ஜெயித்துவிட்டான். அன்றைக்கே சங்கிலிக்குச் சோறு இறங்கவில்லை. இவளைக் கட்டினால் உண்டு, இல்லாவிட்டால் மாட்டோடு மாடாகக் காலம் தள்ளிவிடுவது என்று முடிவு செய்தான். மாடுகளிடமும் அதைச் சொன்னான்.

பெண் கேட்கத் தாய்மாமன் ஒண்டிமுத்துவோடு போனான். ஒண்டிமுத்துதான் நெட்டூரணியின் நாட்டாமை. மயிலாயியின் அப்பா பேச்சிமுத்துவுக்குப் பையனைப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் தலையைச் சொறிந்தார்.

"எங்க குடும்பத்துல எல்லைக்காத்தாகிட்ட பூக்கட்டிப் பாக்காம சம்பந்தம் வச்சதில்லைங்க. வெள்ளை வந்தா மேளம். சிவப்பு வந்தா, நீங்க வந்த வழி. என் கையில ஒண்ணும் இல்லை."

எல்லைக்காத்தாள் என்பது இரண்டு ஊருக்கும் நடுவே கோயில் கொண்டிருக்கிற அம்மன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக வாழைச்சருகில் பொட்டலம் கட்டி, ஒரு கலயத்தில் போட்டு, செவ்வாய்க்கிழமை அவள் காலடியில் வைப்பார்கள். வெள்ளிக்கிழமை பூசாரி கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு ஒன்றை எடுப்பார். எத்தனை பொட்டலம் என்று கட்டுப்பாடு கிடையாது. இரண்டு நிறமும் போட வேண்டும், மாப்பிள்ளை வீட்டார்தான் கட்ட வேண்டும், ஒரு காரியத்துக்கு ஒருமுறைதான் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒருமுறைதான் என்பதைச் சங்கிலி அன்றிரவு மாடுகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னான்.

திங்கட்கிழமை காலை நெட்டூரணிச் சாலையில் கணக்கு வாத்தியார் சபாபதியின் சைக்கிளில் காற்று இறங்கிப்போனது அவருடைய கெட்ட நேரம். ஆலம்பொட்டலில் குடியிருந்துகொண்டு, நெட்டூரணியைத் தாண்டியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறவர். இத்தனை வருஷம் அந்த ஊரை நிற்காமல் கடந்தே காலத்தை ஓட்டியவர். அன்றைக்கு மாட்டிக்கொண்டார்.

"வாத்தியாரய்யா," என்று ஒண்டிமுத்து சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளை வருமா, வராதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"வரும், வராதுன்னு யாரும் சொல்ல முடியாதுங்க. வர்றதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு வேணா சொல்லலாம். என்னென்ன நடக்கலாம், மொத்தம் எத்தனைன்னு எண்ணணும். அதுல நமக்கு வேண்டியது எத்தனைன்னு எண்ணணும். வேண்டியதை மொத்தத்தால வகுக்கணும். புத்தகத்துல இதுக்கு நிகழ்தகவுன்னு பேரு. ரெண்டு பொட்டலம் போடுறீங்க. அதுல வெள்ளை ஒண்ணு. ஆக, ரெண்டுக்கு ஒண்ணு. பாதி."

சங்கிலி முன்னால் வந்தான். "பாதிக் கல்யாணமா சார்?"

"கல்யாணம் பாதி இல்லப்பா..." என்று வாத்தியார் ஆரம்பிப்பதற்குள் ஊர் அதை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டது.

"பாதின்னா ஒண்ணும் மோசமில்லை மாப்ளே," என்றான் சங்கிலியின் கூட்டாளி அழகுமலை. "தாலி உண்டு, சாப்பாடு கிடையாது. அப்படி வச்சுக்க வேண்டியதுதான்."

"சாப்பாடு இல்லாத கல்யாணத்துக்கு எவன்டா வருவான்?" என்றார் ஒண்டிமுத்து. "சாப்பாடு உண்டு, தாலி கிடையாதுன்னு வச்சா ஊருக்கும் மரியாதை, செலவும் குறைச்சல்."

கைதூக்கச் சொன்னார்கள். சாப்பாட்டுப் பக்கம் எல்லாக் கையும் எழுந்தது. தாலிப் பக்கம் சங்கிலி ஒருவன்தான். அவனும் இரண்டு கையைத் தூக்கினான், எடுபடவில்லை.

வாத்தியார் பையிலிருந்து ஒரு காசை எடுத்தார். "இங்க பாருங்க. சுண்டினா பூவும் விழலாம், தலையும் விழலாம். தலை விழ வாய்ப்பு பாதி." சுண்டினார். தலை விழுந்தது.

ஒண்டிமுத்து குனிந்து காசை நாலு பக்கமும் பார்த்தார். "பாதின்னீங்க. முழுசாவுல விழுந்திருக்கு?"

ஊரார் தலையாட்டினார்கள். படித்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று சிலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வாத்தியார் காசைப் பைக்குள் போட்டுக்கொண்டு சங்கிலியைப் பார்த்தார். அவன் கண் கலங்கியிருந்தது. மனிதருக்கு மனசு கேட்கவில்லை.

"தம்பி, ஒண்ணு செய். வெள்ளையைக் கூட்டிக்கோ. எத்தனை போட்டாலும் யாரும் கேக்கப்போறதில்லையே? ஒன்பது வெள்ளை போடு, ஒரு சிவப்பு போடு. மொத்தம் பத்து, வேண்டியது ஒன்பது. பத்துக்கு ஒன்பது வாய்ப்பு. கிட்டத்தட்டக் கல்யாணம் ஆன மாதிரிதான்."

"ஒன்பது கல்யாணமா?" என்றான் அழகுமலை.

"ஒரு கல்யாணம்! இந்தக் கணக்குல எதுவுமே ஒண்ணுக்கு மேல போகாது. பூஜ்ஜியம்னா நடக்கவே நடக்காது. ஒண்ணுன்னா நிச்சயம் நடக்கும். எல்லாம் அந்த ரெண்டுக்கும் நடுவுலதான்."

இது ஒண்டிமுத்துவுக்கு உறுத்தியது. "எங்க ஊர் மாப்பிள்ளைக்கு ஒண்ணுக்கு மேல கிடையாதா? ஆலம்பொட்டல்காரனா இருந்தா மட்டும் ரெண்டு, மூணுன்னு போட்டுக் குடுப்பீங்களோ?"

வாத்தியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பள்ளிக்கூடம் போனார். காற்றடிக்கக்கூட நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பது நந்தியாவட்டையும் ஒரு செவ்வரளியும் பறித்துத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கலயத்தில் போட்டு, அம்மன் காலடியில் வைத்தார்கள். காவலுக்குப் பூசாரி இருந்தார். பூசாரியின் பெயர் உறங்காப்புலி. அவர் பிறந்தபோது பெரியவர்கள் ஆசையாக வைத்த பெயர். அந்த ஆசையை நிறைவேற்றுவதாக அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கலயத்தை வாங்கி வைத்தார், தூணில் சாய்ந்தார், குறட்டை விட்டார்.

புதன்கிழமை சங்கிலிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய், தானே குடித்துவிட்டு வந்தான். அழகுமலை அவனைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"அந்த வாத்தியார் காசைச் சுண்டியே பொய் சொன்ன ஆளு. பத்துக்கு ஒன்பதுங்கிறதும் பொய்யா இருந்தா? ஒருதடவை எடுத்துப் பாத்துருவோம்."

"ஒருதடவைதானே கேக்கணும்?"

"கேக்கிறது பூசாரி. நாம பாக்கிறோம், அவ்வளவுதான். கேக்கிறது வேற, பாக்கிறது வேற."

சங்கிலிக்கு இது நியாயமாகப் பட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கலயத்தில் கையை விட்டான். பிரித்தான். வெள்ளை! அப்படியே அழகுமலையைக் கட்டிக்கொண்டு குதித்தான். உறங்காப்புலி மறுபக்கம் புரண்டு படுத்தார்.

பொட்டலத்தைத் திருப்பிக் கட்டப் போனவனை அழகுமலை தடுத்தான். "அம்மன் கையால குடுத்ததைத் திருப்பி மூஞ்சியில எறியிற மாதிரி உள்ள போடுவியா? காதுல வையிடா."

காதில் வைத்துக்கொண்டான். இன்னொருமுறை பார்த்தார்கள். வெள்ளை. இன்னொருமுறை. அதுவும் வெள்ளை. சங்கிலிக்கு உலகமே இனித்தது. ஒவ்வொரு பூவுக்கும் மயிலாயி ஒருதடவை சிரிப்பதுபோல அவனுக்குத் தோன்றியது. காதில் இடம் தீர்ந்ததும் தலைப்பாகையில் செருகினான். ஒன்பதாவது பூவைச் செருகியபோது அழகுமலை கையைப் பிடித்து நிறுத்தினான்.

"போதும்டா. பத்துக்கு ஒன்பதுன்னாரு. ஒன்பதும் வந்துருச்சு. வாத்தியார் யோக்கியமான ஆளுதான், நாமதான் தப்பா நினைச்சுட்டோம்."

சங்கிலி ஊர் முழுக்க ஒன்பது பூவோடு நடந்தான். வியாழக்கிழமை வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். ஒண்டிமுத்து வாழைமரத்துக்குச் சொல்லி அனுப்பினார். சங்கிலி அன்றிரவு பல நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் சாலையில் வாத்தியாரைக் கண்டதும் ஓடிப்போய் வழிமறித்துக் காலில் விழுந்தான். "சார், நீங்க தெய்வம். ஒன்பது தடவை எடுத்தேன், ஒன்பதும் வெள்ளை."

வாத்தியாருக்கே ஆச்சரியமாக இருந்தது. "அடேயப்பா! ஒவ்வொரு தடவையும் பொட்டலத்தை மறுபடி கட்டி உள்ள போட்டுட்டுத்தானே எடுத்தே?"

"அம்மன் குடுத்ததை எப்படி சார் திருப்பிப் போடுறது?"

வாத்தியார் சைக்கிளிலிருந்து இறங்கினார். தலைப்பாகையில் வாடிக்கிடந்த பூக்களைப் பார்த்தார். விரலை மடக்கி எண்ணினார், பிறகு அந்தக் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தம்பி, வெள்ளை ஒன்பதும் உன் தலையில இருக்கு. கலயத்துல என்ன இருக்கு?"

சங்கிலி யோசித்தான். பெரிய யோசனை. அது முடிகிற இடத்துக்கு வந்துசேர்ந்தபோது அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"சிவப்பு மட்டும்."

"மொத்தம் ஒண்ணு. வேண்டியது பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை ஒண்ணால வகுத்தா?"

"சொல்லாதீங்க சார்," என்று சங்கிலி காதைப் பொத்திக்கொண்டான். பிறகு நடுச்சாலையில் உட்கார்ந்து அழுதான். விவரமானவன் என்று பெயரெடுத்தவன் தன் கையாலேயே தன் கல்யாணத்தை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஊர்கோலம் போயிருக்கிறான். அதை நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை பொங்கியது. பாவமாகத்தான் இருந்தது. சிரிக்க வேண்டாம்.

பூக்களைத் திரும்பக் கட்டி உள்ளே போட்டுவிடலாம் என்று இருவரும் கோயிலுக்கு ஓடினார்கள். அதற்குள் இரண்டு ஊரும் வந்து கூடியிருந்தது. பேச்சிமுத்து புதுவேட்டி கட்டி நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. மயிலாயி தூணோரமாக நின்று, சங்கிலி வாடின பூவும் வீங்கின கண்ணுமாக வருவதைப் பார்த்து, என்னவென்று கண்ணாலேயே கேட்டாள். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

உறங்காப்புலியைத் தட்டி எழுப்பினார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தும் கண்ணை மூடிக்கொண்டேதான் வந்தார். எப்படியும் கண்ணை மூடித்தானே எடுக்க வேண்டும் என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கலயத்தில் கையை விட்டார். துழாவினார். முழங்கை வரைக்கும் போயிற்று. அவர் தம் வாழ்நாளில் முதல்முறையாகக் கண்ணை அகலத் திறந்தார்.

"ஒண்ணுமே இல்லையே!"

கலயத்தைக் கவிழ்த்துத் தட்டினார்கள். கொஞ்சம் தூசி விழுந்தது. சிவப்பு வரும் என்று பயந்துகொண்டிருந்த சங்கிலி, அதுவும் இல்லை என்றதும் சந்தோஷப்படுவதா, இன்னும் கொஞ்சம் அழுவதா என்று தெரியாமல் மாமனைப் பார்த்தான். மாமனுக்கும் தெரியவில்லை.

முதலில் வாயைத் திறந்தவர் பேச்சிமுத்து. "அது எப்படி? நான் சிவப்பை மட்டும்தானே எடுத்தேன்?"

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. சபாபதி வாத்தியார் ஆலம்பொட்டலில் அவருக்கு அடுத்த வீடு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேச்சிமுத்து கொல்லைப்புறமாக வந்து வாத்தியாரிடம் விவரம் கேட்டிருக்கிறார். வேண்டியது எத்தனை, மொத்தம் எத்தனை என்று வாத்தியார் அங்கேயும் சொல்லியிருக்கிறார். சிவப்பே இல்லாவிட்டால் ஒன்றுக்கு ஒன்று, நிச்சயக் கல்யாணம் என்று பேச்சுவாக்கில் சொன்னதைப் பேச்சிமுத்து பிடித்துக்கொண்டார். பையனை அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வியாழக்கிழமை உச்சிவெயிலில் பூசாரி குறட்டை விடும்போது வந்து கையை விட்டார். முதலில் அகப்பட்ட பொட்டலத்தைப் பிரித்தார். செவ்வரளி. அதை மடியில் கட்டிக்கொண்டார். வேறு சிவப்பு இருக்கிறதா என்று நன்றாகத் துழாவிப் பார்த்தார். இல்லை. திருப்தியாக வீட்டுக்குப் போனார்.

"துழாவுறப்போ வெள்ளை கையில தட்டுப்பட்டுச்சா?" என்று கேட்டார் வாத்தியார்.

"நான் தேடிப் போனது சிவப்பைங்க. வெள்ளையை எதுக்குத் தேடணும்?"

வாத்தியார் தூணைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லாமல் வந்திருந்தவர், வேலையையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறவர் மாதிரி நின்றார்.

"அம்மன் என்ன சொல்றா? வெள்ளையும் சொல்லலை, சிவப்பும் சொல்லலை," என்றார் ஒண்டிமுத்து. "மறுபடி கேக்கவும் வழியில்லை. நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க. மொத்தம் எத்தனை?"

"பூஜ்ஜியம்."

"வேண்டியது?"

"பூஜ்ஜியம்."

"வகுங்க."

"பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால வகுக்க முடியாதுங்க."

"முடியாதா, உங்களுக்குத் தெரியாதா?"

இத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதரைப் பார்த்து இப்படிக் கேட்டால் அவருக்கும் ரோஷம் வராதா? வந்தது.

"வகுத்தா இதுதான் விடைன்னு ஒண்ணைக் காட்ட முடியாது. ஏன்னா எந்த எண்ணை வச்சாலும் பொருந்தும். இப்ப ஏழுன்னு வச்சுக்குங்க. ஏழு பூஜ்ஜியம் எவ்வளவு? பூஜ்ஜியம். சரியா வருதுல்ல? அப்போ ஏழும் பொருந்தத்தான் செய்யும்! அதனாலதான் சொல்றேன்..."

அதனால் என்ன என்பதை யாரும் கேட்கவில்லை. கோயில் அதிர்ந்தது.

"ஏழு!" என்று கத்தினான் அழகுமலை. "மாப்ளே, உனக்கு ஏழுடா!"

"எதுவும் ஒண்ணுக்கு மேல போகாதுன்னாரே!" ஒண்டிமுத்துவுக்கு ஆனந்தக்கண்ணீர் முட்டியது. "நெட்டூரணிக்குன்னு வந்ததும் ஏழுக்குப் போயிருச்சு பாத்தீங்களா? ஒண்ணுன்னாலே நிச்சயம் கல்யாணம். ஏழுன்னா, நிச்சயமா ஏழு கல்யாணம்!"

"ஐயா, நான் சொன்னது என்னன்னா..."

"நீங்க சொன்னதைத்தான் சொல்றோம் வாத்தியாரய்யா. ஒரு எழுத்து மாத்தலை."

பேச்சிமுத்து தயங்கினார். ஏழு கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர் அவரல்லவா? அப்போது தூணோரத்திலிருந்து மயிலாயி முன்னால் வந்தாள். ஒரு கல்யாணமாவது நடக்க வேண்டுமானால் ஏழுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் விளங்கியது.

"ஏழுன்னா ஏழு. அப்பா, முதல்ல ஒண்ணுக்கு மேளம் சொல்லுங்க."

சங்கிலி அவளைப் பார்த்தான். தலையிலிருந்து ஒரு வாடின பூவை எடுத்து நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் அவனைவிடச் சந்தோஷமான ஆள் இரண்டு ஊரிலும் கிடையாது.

முதல் கல்யாணம் வைகாசியில் ஜாம்ஜாம் என்று நடந்தது. சங்கிலி பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்க் குடித்தனம் வைத்தான். ஆனியில் இரண்டாவது. பெண் வீட்டுக்குப் பந்தல் போடப் புருஷனையே அனுப்பிவிட்டு, மயிலாயி பின்னாலேயே சாப்பாட்டுத் தூக்கோடு போய், அங்கே மணையில் உட்கார்ந்தாள். ஆடியில் கூடாது, விட்டுவிட்டார்கள். ஆவணியில் மூன்றாவது. ஐப்பசியில் நான்காவதன்று இருவருக்கும் மாட்டுக்கு வைக்கோல் போடாத விஷயத்தில் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மாலை மாற்றிக்கொண்டார்கள். "இந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்கலை" என்று அவள் மணையிலேயே சொன்னாள், அப்புறம் அவளே சிரித்துவிட்டாள். கட்டின தாலியைக் கழற்றுவது ஆகாது. ஆகவே ஒவ்வொரு தடவையும் ஒரு புது மஞ்சள் கயிறு ஏறியது. கார்த்திகையில் ஐந்து, தையில் ஆறு. மாசியில் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டதால் ஏழாவதைப் பங்குனிக்குத் தள்ளிவைத்தார்கள்.

வாத்தியார் இதற்குள் பள்ளிக்கூடத்துக்கு வேறு வழி கண்டுபிடித்துவிட்டார். வயல் வரப்பில் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போவாராம்.

மாசியில் மயிலாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சங்கிலி மாட்டுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தான். மூன்றாம் நாளே ஊர்க்கூட்டம் கூடிவிட்டது.

"சங்கிலி," என்றார் ஒண்டிமுத்து, முகத்தை மிகவும் கடுமையாக வைத்துக்கொண்டு. "தாய்மாமனா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா நாட்டாமையா நான் கேக்கணும். இன்னும் ஒரு கல்யாணம் பாக்கி இருக்கு. கல்யாணம் முடியறதுக்குள்ள குழந்தை எப்படிடா?"

சங்கிலி திகைத்துப்போனான். அவனுக்கு அது தோன்றவே இல்லை. "தப்புதான் மாமா," என்றான். "ஆனா ஆறு ஆயிருச்சே?"

"அதையும் பாக்கணும்," என்றான் அழகுமலை. "கணக்குப்படி போவோம். மொத்தம் ஏழு. ஆனது ஆறு. ஏழுக்கு ஆறு பங்கு குழந்தை முறைப்படி பிறந்தது. ஒரு பங்கு மட்டும்தான் அவசரப்பட்டு வந்துருச்சு."

ஊர் நிம்மதியாக மூச்சுவிட்டது. எந்தப் பங்கு என்பதுதான் இனிக் கேள்வி. தலை ஒன்று, கை இரண்டு, கால் இரண்டு, வயிறு ஒன்று, முதுகு ஒன்று, ஆக ஏழு. கணக்கு இவ்வளவு சுத்தமாக அமைந்ததில் எல்லோருக்கும் புல்லரித்தது. தலை என்றால் பேர் வைக்க முடியாது என்றார்கள். வயிறு என்றால் பால் கொடுக்க முடியாது. முதுகு என்றால் படுக்கவைக்க முடியாது. கைகள் இரண்டும் பிற்பாடு வேலைக்கு வேண்டும். நெடுநேரம் விவாதித்து, இடது கால் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஏழாவது கல்யாணம் முடிகிறவரைக்கும் இடது கால் கோயிலுக்குள் வரக்கூடாது. மீதிக் குழந்தை தாராளமாக வரலாம்.

பங்குனியில் ஏழாவது கல்யாணம் அம்மன் சந்நிதியிலேயே நடந்தது. மயிலாயி மணையை வாசல்படிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்து, அதன் இடது காலை மட்டும் வெளியே நீட்டிப் பிடித்திருந்தாள். வெயில் படாமலிருக்க அந்தக் காலுக்கு ஒருவர் குடை பிடித்தார். சங்கிலி ஏழாவது கயிற்றைக் கட்டினான். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் ஒண்டிமுத்து வாசலுக்கு ஓடி வந்து, அந்தச் சின்னப் பாதத்துக்குச் சந்தனம் தடவி, "வாங்க வாங்க" என்று இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே எடுத்துவைத்தார். நெட்டூரணிக்காரர்களின் கண்ணெல்லாம் நனைந்தது.

பந்திக்கு உட்காரும்போது பேச்சிமுத்து எழுந்து ஒரு குறை சொன்னார். இத்தனை பேரைச் சாப்பிடச் சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்கென்றே தனியாக வந்த காலைக் கவனிக்காமல் விட்டால் சம்பந்தி வீட்டுக்கு மரியாதையா என்று கேட்டார். நியாயம்தானே? முதல் வரிசையில் ஓர் இலை போட்டார்கள். காலுக்குப் பாயசம் வரைக்கும் பரிமாறினார்கள்.